நெல் வைக்கும் அறையிலும் சாக்கு, பாய், மெத்தைகளிலும் பற்றிய எரிபொருள் நாற்றத்தை அகற்றல்

ஓமந்தையும் அதனைச் சூழ்ந்த குளத்தடிக் கிராமங்களும் நெற்செய்கையால் வாழ்வன. இங்குள்ள கமக்காரர் வீடுகளில் பூட்டக்கூடிய அறை பெரும்பாலும் ஒன்றே உண்டு. களவு போகலாகாத பொருள்கள் யாவும் அவ்வறையையே சேரும். ஆண்டுச் சாப்பாட்டுக்குரிய நெல் மூடைகள், அடுத்த போகத்துக்குரிய விதைநெல், படங்கு, வெற்றுச் சாக்குகள், விருந்தினர்க்குரிய பாயும் தலையணையும் ஆகிய இவற்றோடு, உழவு இயந்திரத்துக்குரிய டீசற் கானும் நீரிறைக்கும் இயந்திரத்துக்குரிய மண்ணெண்ணெய்க் கானும் அங்கேயே வைக்கப்படுகின்றன.

இவ்வழக்கம் அறியாமையால் வந்ததன்று. 1990ஆம் ஆண்டின் பின் வன்னிக்கு எரிபொருள் கொண்டுவருதல் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் பூட்டி வைக்கப்பட்டது. ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சும் சில துளி எண்ணெயும் இட்டு விளக்கெரித்த காலம் அது. பின்னர் 2022ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் எரிபொருட் பஞ்சம் ஏற்பட்டபோது, வரிசையில் நாட்கணக்காக நின்று பெற்ற டீசலை வெளியே வைக்க எவர்க்கும் மனம் வரவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அதன் பின் கான் கட்டிலின் கீழும் போயிற்று.

கான் சிறிது சிறிதாகக் கசிந்தால் அது உடனே தெரியவராது. அடிமூடைகள் நனைந்த பின், உலையில் இட்ட சோறு நாறும்போதே வீட்டார் அதனை அறிவர். அப்போது கெட்டிருப்பது ஒரு நேரச் சோறு மட்டுமன்று. ஏக்கருக்கு இரண்டு புசல் வீதம் எடுத்து வைத்த விதைநெல்லும் அவ்வறையிலேயே இருக்கின்றது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்களைப் பேணி வருவோர்க்கு இழந்த விதையைக் கடையில் வாங்கி ஈடு செய்தலும் எளிதன்று. ஆதலின் எதனைக் காப்பாற்றலாம், எதனைக் கழித்தல் வேண்டும், அறையை எவ்வாறு மீண்டும் நெல் வைத்தற்குத் தகுந்ததாக்கலாம் என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

நாற்றத்தின் இயல்பு

மூக்கை எட்டுவது எரிபொருளின் ஆவியே. ஆதலின் நாற்றம் உள்ளவரை எரிபொருள் எங்கோ எஞ்சியிருக்கின்றது என்பது உறுதி. சாம்பிராணிப் புகையும் வாசனைத் தைலமும் தேசிக்காய்ச் சாறும் நாற்றத்தைச் சிறிது நேரம் மறைக்குமேயன்றி அகற்றமாட்டா. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுதலும் அத்தகையதே. சுண்ணாம்புப் பூச்சு நுண்டுளைகள் உடையது. மாரியில் கதவைப் பூட்டி இரண்டு நாள் சென்றதும் உள்ளிருந்த ஆவி அதனூடு வெளிவந்துவிடும்.

எரிபொருள் மூன்றும் ஒரே தன்மையன அல்ல. பெற்றோல் விரைந்து ஆவியாவது. காற்றோட்டமுள்ள இடத்தில் அது சிந்தினால் சில நாள்களில் நாற்றம் பெரும்பாலும் தணிந்துவிடும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 முதல் 300 பாகை செல்சியசு வரையிலும், டீசல் அதனினும் உயர்ந்து 360 பாகை வரையிலும் கொதிப்பன. வன்னியின் கடும் வெயிலிற் கூட இவை மெல்ல மெல்லவே ஆவியாகும். ஆகவே டீசல் சிந்திய இடம் மாதக்கணக்கில் நாறுதல் வியப்பன்று. வெயிலும் காற்றும் உதவி செய்யும். ஆனால் அவற்றை மட்டும் நம்பியிருந்தால் போகம் கடந்துவிடும்.

எண்ணெய் எண்ணெயையே நாடும் என்பது மற்றொரு செய்தி. அரிசியின் மேலுள்ள தவிட்டில் எண்ணெய் மிகுதி. எரிபொருளின் ஆவி உமியைக் கடந்து அத்தவிட்டிலே தங்கும். இலவம்பஞ்சின் நார் உள்ளே வெறுமையானது. மேலே மெழுகுத் தன்மை உடையது. அது நீரை ஏற்காது, எண்ணெயை விரும்பி ஏற்கும். பசளை வரும் பின்னற் பைகள் பொலிபுரொப்பிலீன் என்னும் பொருளால் ஆனவை. கடலிற் கப்பலெண்ணெய் பரவும்போது அதனை உறிஞ்சியெடுக்கும் விரிப்புகளும் அதே பொருளாலேயே செய்யப்படுகின்றன. இத்தகைய பைகளில் நெல்லை இட்டு டீசற் கானின் அருகே அடுக்குதல், எண்ணெயை அழைத்து விருந்து வைத்தல் போன்றதாகும்.

முதற்கண் செய்ய வேண்டியவை

நெருப்பைப் பற்றிய எச்சரிக்கையே எல்லாவற்றிற்கும் முந்தியது. பெற்றோலின் ஆவி எக்காலநிலையிலும் தீப்பற்றும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை வெப்பத்தை எட்டியதும் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரத் தொடங்கும். தகரக் கூரையின் கீழ் நண்பகலில் ஓர் அறை அவ்வெப்பத்தை எட்டக் கூடும். இவ்வாவிகள் காற்றினும் பாரமானவை; தரையை ஒட்டிப் பரவித் தாழ்ந்த மூலைகளில் தங்கும். ஆகவே அறையினுள் விளக்கு, தீக்குச்சி, சுருட்டு, சாம்பிராணித் தட்டு ஆகிய எதுவும் கொண்டு செல்லுதல் கூடாது. மின்விசிறியை அறையினுள் வைத்து ஓட்டுதலும், மின் ஆளியைப் போட்டு நிறுத்துதலும் கூடா. நாற்றத்தைப் போக்கவென வேப்பிலைப் புகையிடுவதைச் சில வீடுகளிற் காணலாம். பூச்சிக்கு அது நன்று; எரிபொருள் சிந்திய அறையில் அது வீட்டையே இழக்கச் செய்யும்.

கதவையும் யன்னலையும் திறந்துவிட்டு, கானை வெளியே நிழலான இடத்துக்கு மாற்றுதல் வேண்டும். பின் அறையிலுள்ள பொருள்கள் யாவற்றையும் வெளியேற்றுதல் நன்று. பாதியை வெளியேற்றிப் பாதியை மூலைக்குத் தள்ளி வேலை செய்வோர், ஒரு கிழமையின் பின் அதே வேலையை மீண்டும் செய்ய நேரிடும். இடையில் ஒரு வாளி நீரை ஊற்றிக் கழுவும் ஆசை எவர்க்கும் எழும். எண்ணெய் நீரில் மிதந்து, நனையாத இடங்களுக்கும் வெடிப்புகளுக்கும் சென்று சேரும். முதலில் உறிஞ்சியெடுத்தல், கழுவுதல் அதன் பின்னரே.

நெல்லைத் தரம் பிரித்தல்

எண்ணெய் நேரே பட்டு நனைந்த நெல்லை மனிதர் உண்ணலாகாது. மாட்டுக்கும் கோழிக்கும் அதனை இடலாகாது. எண்ணெய் உண்ட கால்நடை நோயுறும். சில வேளை இறக்கவும் கூடும். கழுவி உலர்த்தினால் விதைக்கலாம் என்று எண்ணுவோரும் உளர். எண்ணெய் விதையின் மேற் படலமாகப் படிந்து நீரையும் காற்றையும் தடுப்பதோடு, முளையையும் கெடுக்கும். நனைந்த மூடையின் நடுப்பகுதி உலர்ந்திருப்பதாகத் தோன்றினும் முழு மூடையையும் கழித்தலே தகும். வருத்தந்தரும் செயலாயினும், அம்மூடையை நல்ல நெல்லோடு கலந்து நட்டத்தைக் குறைக்க முயன்றவர்கள் எல்லா மூடைகளையும் இழந்திருக்கின்றனர்.

எண்ணெய் படாது, ஆவி மட்டும் பற்றிய நெல்லை மீட்கலாம். அதனைப் பழைய சாக்கிலிருந்து முழுவதும் கொட்டி, தூய படங்கில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேற்படாது பரப்புதல் வேண்டும். மணிக்கொருமுறை கிளறிவிடல் வேண்டும். விதைநெல்லாயின் சீமெந்துக் களத்தில் நண்பகல் வெயிலிற் போடுதல் தீது, முளை வாடும். காலை வெயிலும் பின்னேரக் காற்றுமே அதற்குப் போதும். பனி இறங்கு முன் குவித்து மூடி, மறுநாள் மீண்டும் பரப்புக. மூன்று நான்கு நாள்களில் நாற்றம் தணியத் தொடங்கும். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசும் நாள்கள் இதற்கு மிக உகந்தவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இவ்வேலை நேர்ந்தால் கூரையின் கீழ் பரப்பி, நாள்களை இரட்டிப்பாகக் கணக்கிடுதல் வேண்டும்.

நாற்றம் நீங்கு முன் நெல்லை அவித்தல் கூடாது. அவிக்கும் அண்டாவும் ஊறவிடும் தொட்டியும் நாற்றத்தை ஏற்று அடுத்த நெல்லுக்கும் கொடுக்கும்.

நாற்றம் போயிற்றா என்பதைப் பகல் முழுவதும் அங்கு வேலை செய்தவர் சொல்ல இயலாது. ஒரே நாற்றத்தைத் தொடர்ந்து முகர்ந்த மூக்கு அதனை உணராது போகும். ஒரு பிடி நெல்லை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு அரை மணி நேரம் இளவெயிலில் வைத்து, அயல்வீட்டிலிருந்து வந்த ஒருவரைக் கொண்டு திறந்து முகரச் செய்தல் நல்ல சோதனை. உணவு நெல்லாயின் ஒரு சுண்டு அரிசியைத் தனியே சமைத்துப் பார்த்த பின்னரே மூடையைக் குற்றக் கொடுத்தல் வேண்டும்.

விதைநெல்லுக்கு மூக்கின் தீர்ப்புப் போதாது. கானுக்கு அண்மையில் இருந்த மூடை, நடுவில் இருந்த மூடை, தூரத்தில் இருந்த மூடை ஆகிய மூன்றிலும் நூறு நூறு மணிகள் எடுத்து வெவ்வேறாக ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்குத் துண்டில் சுற்றி நிழலில் வைத்தல் வேண்டும். அவ்வறையில் இராத நெல்லிலும் நூறு மணிகள் எடுத்து உடன் வைத்தல் இன்றியமையாதது. அறுவடை முடிந்து அதிக நாள் செல்லாத சில இனங்கள் உறக்க நிலையால் முளையாதிருக்கும், அதனை எண்ணெயின் குற்றமெனக் கருதி நல்ல விதையைக் கழிக்க நேரிடும். ஏழாம் நாளில் எண்ணுக. 85 மணிக்குக் குறையாமல் நேரிய முளையும் வேரும் விட்டிருப்பின் விதைக்கலாம். தூரத்து மூடையில் 90 முளைத்து, அண்மை மூடையில் 60 முளைத்திருப்பின், அண்மை மூடைக்குக் கூடுதலாக விதை வீசி ஈடு செய்ய முயலாது அதனை ஒதுக்குதலே முறை. ஆவணிக்கு முன் இச்சோதனை முடிந்தால், மாற்று விதை தேட நாளிருக்கும்.

சாக்கு, படங்கு, பாய், மெத்தை

எண்ணெய் பட்ட பசளைப் பைகளைக் கழுவிப் பயனில்லை. அவற்றை நெல்லுக்கு மீண்டும் பாவித்தல் கூடாது. சணற் சாக்கு எண்ணெயில் தோய்ந்திருப்பின் அதுவும் அப்படியே. நாற்றம் மட்டும் பற்றிய சணற் சாக்கைப் புறந்திருப்பி நாலைந்து நாள் கொடியில் உலரவிட்டு, சவர்க்கார நீரில் ஊறவைத்துக் கழுவி எடுக்கலாம்.

சவர்க்காரம் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அறிந்தால் வீண் செலவு குறையும். தேங்காயெண்ணெய் சோடாக்காரத்தோடு சேர்ந்து சவர்க்காரமாக மாறும். மண்ணெண்ணெயும் டீசலும் அவ்வாறு மாறா. ஆகவே சலவைச் சோடாவையோ அப்பச்சோடாவையோ எவ்வளவு கொட்டினும் அவை எரிபொருளைக் கரைத்துவிடமாட்டா. சவர்க்காரம் எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்து நீரிற் கலக்கச் செய்கின்றது. அந்நீரை அகற்றினால் எண்ணெயும் அகலும். இக்காரணத்தால் நனையாத துணியிலேயே சவர்க்காரத்தை நேரே தேய்த்து அரை மணி நேரம் விட்டு, பின்னரே இளஞ்சூட்டு நீரில் கசக்குதல் வேண்டும். ஒரே நீரில் மும்முறை அலசுவதினும் மூன்று புதிய நீரில் ஒவ்வொருமுறை அலசுதல் மேல். எண்ணெய்த் துணியைக் குழந்தைகளின் துணிகளோடு சேர்த்துத் தோய்த்தலும், நாற்றம் நீங்கு முன் அடுப்படியில் உலர்த்துதலும், மினுக்குப் பெட்டி வைத்தலும் ஆகா. வெளிற்றும் தூளால் இங்கு ஒரு பயனும் இல்லை. அதனை வினாகிரியோடு கலந்தால் நச்சு வாயு எழும்.

பன்பாய், ஓலைப்பாய் ஆகியவற்றின் மேல் காய்ந்த உமிச்சாம்பலை அல்லது மரத்தூளைத் தடிப்பாகத் தூவி ஓரிரவு விட்டுத் தட்டியெடுத்தால் பெரும்பகுதி எண்ணெய் வந்துவிடும். ஈரமான தூள் உறிஞ்சாது. தலையணையும் மெத்தையும் கடினமானவை. இலவம்பஞ்சு நீரை ஏற்காததால் மெத்தையைச் சவர்க்கார நீரில் முக்குதல் வீணான வேலை. பஞ்சு கட்டியாகுமேயன்றி எண்ணெய் வெளிவராது. உறையைப் பிரித்துத் தனியே தோய்த்து, பஞ்சை வலையின் கீழ் மெல்லிதாகப் பரப்பிப் பல நாள் காற்றில் விடல் வேண்டும். எண்ணெய் நேரே பட்ட பஞ்சைக் கழித்தல் வேண்டும். அது மிக விரைந்து தீப்பற்றுவது. நித்திரை கொள்ளும் இடத்தில் அதற்கு இடமில்லை. உழவு இயந்திர ஆசனத்தின் பஞ்சணையை உமிச்சாம்பலின் மேல் அமுக்கி, சவர்க்கார நீரிற் பலமுறை பிழிந்து வெயிலில் இடலாம்.

கடைசியாக எஞ்சும் மெல்லிய நாற்றத்துக்குச் சிரட்டைக்கரி துணை செய்யும். கரியைப் புளியங்கொட்டை அளவாக உடைத்துச் சுளகில் பரப்பி, பொருள்களோடு ஒரு பெட்டியிலோ மூடிய அறையிலோ வைக்க. தொழிற்சாலைகளில் நீராவியால் பதப்படுத்தப்பட்ட கரி இதனினும் பன்மடங்கு வலியது. வீட்டுக்கரி அவ்வளவு செய்யாவிடினும் செலவில்லாதது. சில நாளுக்கொருமுறை புதிய கரி இடல் வேண்டும்.

நிலமும் சுவரும்

மண்தரையாயின் வேலை இலகு. எண்ணெய் ஊறிய மண்ணை நாற்றம் முடியும் ஆழம் வரை வெட்டியெடுத்து, புற்றுமண் இட்டு இடித்து இறுக்கி, சாணம் மெழுகுதல் போதும். சில வேளை ஒரு சாண் ஆழம் வரை வெட்ட நேரும். கானின் அடியில் வெட்டுவதோடு நில்லாது, தரை சாய்ந்திருக்கும் பக்கத்திலும் தோண்டி முகர்ந்து பார்த்தல் வேண்டும்.

சீமெந்துத் தரை உறுதியானதாகத் தோன்றினும் கடற்பஞ்சு போன்றது. காய்ந்த உமிச்சாம்பலை விரல் தடிப்புக்கு இட்டுக் காலால் மிதித்து, ஒரு நாள் விட்டுக் கூட்டியெடுத்தல் வேண்டும். சாம்பல் நிறம் மாறாது வரும்வரை இதனைத் திரும்பச் செய்க. பின்னர் சவர்க்கார நீர் ஊற்றித் தும்புக்கட்டையால் தேய்த்து, நீரை ஓடவிடாது துணியால் ஒற்றியெடுக்க. அதன் பின்னும் நாறினால், களிமண்ணைச் சவர்க்கார நீரிற் குழைத்து அரை அங்குலத் தடிப்பில் அப்பி, காய்ந்து வெடிக்கும்வரை விடல் வேண்டும். நீர் வற்றும்போது உள்ளிருந்த எண்ணெயும் களிமண்ணுக்கு இழுபடும். மூன்று நான்கு முறை அப்ப நேரிடலாம். கொம்பறையின் மரப்பலகைகளுக்கும் இம்முறை பொருந்தும்; ஆழமாக ஊறிய பலகையை மாற்றுதலே சிக்கனம்.

உழவு இயந்திரத்தின் பெட்டியில் காலையில் டீசற் பரலும் மாலையில் நெல்லும் ஏற்றுவது வழக்கம். துருப்பிடித்த இரும்புத் தட்டில் எண்ணெய் நீண்ட நாள் தங்கும். துருவைக் கம்பித் தூரிகையாற் சுரண்டாது கழுவுதல் பயன்தராது. முல்லைத்தீவுக் கரையோரப் படகுகளில் மண்ணெண்ணெயால் ஓடும் இயந்திரங்களைப் பாவிப்போர்க்கும் இதே துன்பம் உண்டு. படகின் அடியில் தேங்கும் எண்ணெய் கலந்த நீரை முதலில் உறிஞ்சியெடுத்து, பின் பலகை இடுக்குகளைச் சவர்க்காரமிட்டுத் தேய்த்தால் மீன்பெட்டியில் நாற்றம் ஏறாது. அந்நீரைக் களப்பில் இறைத்துவிடலாகாது.

கழிவை எங்கே இடுவது

வன்னியின் வீட்டுக் கிணறுகள் பெரும்பாலும் ஆழமற்றவை. கற்பாறையின் மேலுள்ள மண்ணில் ஊறும் நீரையே தருகின்றன. கிணற்றடியில் ஊற்றிய எண்ணெய் நீர் அக்கிணற்றுக்கே திரும்பி வரும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கப் பணித்தது. நட்டஈடு கிடைப்பினும் கெட்ட கிணறு விரைவில் திருந்தாது.

ஆகவே எண்ணெய் உறிஞ்சிய சாம்பல், மரத்தூள், மண், கழித்த நெல் ஆகியவற்றைக் கிணற்றுக்கும் குளத்துக்கும் தாழ்ந்த பக்கமாக, தொலைவில், பயிரிடாத மேட்டுத் தரையில் மெல்லிதாகப் பரப்புதல் வேண்டும். அதனோடு மக்கிய சாணத்தைக் கலந்து, சிறிது ஈரம் காத்து, இரு கிழமைக்கொருமுறை மண்வெட்டியாற் கிளறிவிட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைத்துவிடும். மாதங்கள் சில செல்லும். கோழியும் மாடும் அணுகாதவாறு முள் அடைத்தல் வேண்டும். மாரி தொடங்கு முன் இவ்வேலை முடிதல் நன்று. இன்றேல் மழைநீர் அதனை வாய்க்காலுக்குக் கொண்டு செல்லும். எண்ணெய்த் துணிகளைக் குவியலாக வீட்டினுள் வைத்தலும் தகாது.

இனி எரிபொருளை வைக்கும் முறை

வீட்டுச் சுவரை ஒட்டாது, சமையற் புகை எட்டாத தூரத்தில், கிடுகால் அன்றித் தகரத்தால் வேய்ந்த சிறு கொட்டில் ஒன்று போதும். பூட்டு வேண்டுமாயின் கம்பிவலைக் கதவு இடுக. காற்றும் போகும், களவும் போகாது. கானை மண் நிரப்பிய தட்டில் வைத்தால் கசிவு அன்றே கண்ணிற் படும். வெயில் படும் இடத்தில் கானைக் கழுத்துவரை நிரப்புதல் கூடாது. எண்ணெய் வெப்பத்தில் விரிந்து மூடியினூடு வழியும்.

பிளாஸ்ரிக் கானின் சுவரே எரிபொருளைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் தன்மையது. ஆதலின் ஒருமுறை டீசலோ மண்ணெண்ணெயோ வைத்த கானை எத்தனை முறை கழுவினும் குடிநீருக்கோ விதைநெல்லுக்கோ திரும்பப் பாவிக்க இயலாது. அத்தகைய கான்களின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுதல் எழுத்தறியாத பிள்ளைக்கும் விளங்கும். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைத்தல் அறவே கூடாது. தவறிக் குடித்த பிள்ளையை வாந்தியெடுக்கச் செய்தல் ஆகாது. எண்ணெய் நுரையீரலுட் புகும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். குடித்த போத்தலையும் உடன் எடுத்துச் செல்க.